இழந்த கூலியை யார் தருவது? இந்திய ரக்பி அணி பற்றி ஒரு மதிப்பீடு

இந்திய ரக்பி அணியைத் தரவரிசையைக் கொண்டு எடைபோடுவது எளிது. ஜப்பான், ஹாங்காங் அணிகளுக்கு அருகில்கூட நம் ஆண்கள் அணி நின்றதில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். தெரிந்ததையே திரும்பச் சொல்வதற்குத் திறனாய்வு எதற்கு? ரக்பி இன்னும் வேர்பிடிக்காத ஒரு நாட்டின் தேசிய அணியிடம் முதலில் கேட்க வேண்டியது வேறு. பயிற்சிக்கும் போட்டிக்கும் போகிற நாளில் ஆடுபவர் இழக்கும் கூலியை யார் ஈடுகட்டுகிறார்கள்?

விருதுநகர் மாவட்டத்தில் சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளத்திலிருந்து பார்த்தால் இது வெறும் தத்துவக் கேள்வி இல்லை. இங்கே பிழைப்பாக இருக்கும் பட்டாசு வேலையில் பெரும்பகுதி எண்ணிக்கைக் கூலிதான். எத்தனை குழாய் சுற்றினார், எத்தனைக்கு மருந்து செலுத்தினார் என்பதே சம்பளம். வராத நாளுக்குக் கூலி கிடையாது. மழை பெய்தால் வேலை நிற்கும். தீபாவளி நெருங்கினால் ஓய்வு நிற்கும். இப்படிப்பட்ட ஒரு வீட்டுப் பெண் பத்து நாள் பயிற்சி முகாமுக்குப் போக வேண்டுமென்றால், அன்றிரவு வீட்டில் நடப்பது விளையாட்டைப் பற்றிய பேச்சாக இருக்காது. வரவு செலவுக் கணக்குத்தான் ஓடும்.

இதே கணக்கில்தான் ரக்பி ஒருமுறை இரண்டாக உடைந்தது. இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயர், லங்காஷயர் பகுதிகளில் சுரங்கத்திலும் பஞ்சாலையிலும் வேலை செய்தவர்கள் சனிக்கிழமை ஆட்டத்துக்காக ஷிப்ட்டை விட்டுவிட்டு வந்தார்கள். அந்த நேரத்துக்குரிய கூலியை ஈடாகக் கொடுக்கலாம் என்ற தீர்மானத்தை 1893-ல் ரக்பி சங்கத்தின் லண்டன் தலைமை தோற்கடித்தது. பணம் வாங்கி ஆடுவது கனவான்களுக்கு அழகில்லை என்பது அவர்கள் வாதம். கூலியை நம்பிப் பிழைக்காதவர்களுக்கு அந்த வாதம் சுலபமாக வரும். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்திக் கிளப்புகள் கூடித் தனிச் சங்கம் கண்டன. இழந்த நாளுக்கு 6 ஷில்லிங் வரை ஈடு என்று வைத்துக்கொண்டன. 1906-ல் ஆட்டக்காரர் எண்ணிக்கையைப் பதினைந்திலிருந்து பதின்மூன்றாகக் குறைத்தன. ‘ரக்பி லீக்’ என்கிற தனி ஆட்டம் பிறந்த கதை இது. பழைய பதினைவர் ஆட்டம் 1995 ஆகஸ்டில்தான் சம்பளத்தை வெளிப்படையாக ஏற்றது. தொழிலாளிகள் கேட்டதை ஒப்புக்கொள்ளக் கனவான்களுக்குச் சரியாக நூறு வருஷம் ஆகியிருக்கிறது.

இந்திய ரக்பி பிறந்தது கனவான்களின் பக்கத்தில். 1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் முதல் ஆட்டம். அடுத்த மாதமே கிளப். சில வருஷத்தில் பட்டாளம் இடம் மாறியது, போலோவும் டென்னிஸும் ஆட்களை இழுத்துக்கொண்டன, கிளப் கலைந்தது. வங்கியில் மிச்சமிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து உருக்கி, நாகப்பாம்புக் கைப்பிடிகளும் மூடியில் யானையும் வைத்து ஒரு கோப்பை செய்து லண்டனுக்கு அனுப்பினார்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதுவது இந்தக் ‘கல்கத்தா கோப்பை’க்காகத்தான். வேலைப்பாடு அழகு, சந்தேகமில்லை. ஆனால் இந்த மண்ணில் ஆட்டத்தைத் தொடர்வதற்கு ஒரு காசும் விடாமல் வழித்தெடுத்து அனுப்பியதையும் சேர்த்துத்தான் அந்தப் பெருமையைப் பேச வேண்டும். அதற்குப் பிறகும் வெகுகாலம் இந்திய ரக்பி என்பது பம்பாய் ஜிம்கானா, சென்னை ஜிம்கானா, பின்னாளில் வந்த கல்கத்தா கிளப் ஆகியவற்றின் புல்தரையை விட்டு வெளியே வரவில்லை.

கடல் தாண்டினாலும் இதே படம். இலங்கை மலையகத்தில் டிக்கோயா, திம்புள்ளை, ஊவா கிளப்புகளில் தோட்டத் துரைமார் ரக்பி ஆடினார்கள். அதே தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் மதுரை, திருநெல்வேலி, பழைய இராமநாதபுரம் சீமைகளிலிருந்து போனவர்கள். இன்றைய விருதுநகர் மாவட்டமும் 1985 வரை அந்த இராமநாதபுரத்துக்குள்தான் இருந்தது. நிறுத்துப் பார்த்த கொழுந்தில் எடை குறைந்தால் ‘அரைப் பேர்’ போடுகிற கங்காணியிடம், ஆடப் போகிறேன் என்று யார் விடுப்புக் கேட்க முடியும்? மலையகத் தமிழருக்கும் ரக்பிக்கும் ஒரு நூற்றாண்டுக் காலம் மைதானத்து வேலிதான் உறவு.

பின்னாளில் இலங்கை ஒரு வழி கண்டது. கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டி கல்லூரியும் 1945 முதல் மோதும் பிராட்பி கேடயம் மாதிரியான பள்ளி ஆட்டங்கள் ஒருபக்கம். இராணுவம், கடற்படை, விமானப்படை, காவல்துறை அணிகள் மறுபக்கம். பள்ளி முடித்த பையனுக்குச் சீருடையோடு சம்பளமும் கிடைத்தால் ஆட்டம் தொடரும். நிர்வாகச் சண்டையில் 2023-ல் உலக ரக்பி அமைப்பு அந்நாட்டை இடைநீக்கம் செய்தது வேறு கதை. அதிகாரிகள் கெடுத்தாலும் ஆட்டக்காரர்கள் வற்றவில்லை என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

நம் ஆண்கள் அணி 1998-ல்தான் முதல் சர்வதேச ஆட்டத்துக்கு வந்தது. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் எழுவர் ஆட்டத்தில் இறங்கியது போட்டியை நடத்தும் நாடு என்ற உரிமையில். உள்நாட்டில் யார் ஓங்கி நின்றார்கள்? இந்திய இராணுவ அணி. காரணம் மர்மமானதல்ல. சிப்பாய்க்கு மாதம் பிறந்தால் சம்பளம், சாப்பாடு, மருத்துவம், மைதானம், ஆடுவதற்கு அதிகாரியின் ஆணை. ஹடர்ஸ்ஃபீல்டில் கேட்ட ஆறு ஷில்லிங் இங்கே பட்டாளக் கணக்கில் வந்துவிடுகிறது. ஆனால் இராணுவத்தை மட்டும் நம்பி நிற்கும் அணிக்கு அடித்தளம் குறுகல். கிளப் பையன்கள் ஆபீஸ் முடிந்து வந்து ஆடுகிறார்கள். கூலிக்காரர் வீட்டுப் பையன் அந்த வட்டத்துக்குள்ளேயே வருவதில்லை.

பெண்கள் அணியைத் தனியாக எடைபோட வேண்டும். இரண்டையும் ‘இந்திய ரக்பி’ என்று ஒரே மூட்டையில் கட்டுவது நியாயமில்லை. பெண்கள் பதினைவர் அணி 2018-ல்தான் முதல் ஆட்டம் ஆடியது. அடுத்த ஆண்டே, 2019 ஜூனில் மணிலாவில், சிங்கப்பூரை 21-19 என்று வென்றது. கடைசி நேரத்தில் பெனால்டியை உதைத்து வெற்றியைத் தந்த சுமித்ரா நாயக், புவனேஸ்வரத்தின் கலிங்க சமூக அறிவியல் நிறுவனத்தில் படித்தவர். பழங்குடிப் பிள்ளைகளுக்குப் படிப்பும் விடுதியும் இலவசமாகத் தரும் நிறுவனம் அது. பீகாரின் ஸ்வீட்டி குமாரி ஓட்டப்பந்தயத்திலிருந்து வந்தவர். எழுவர் ஆட்டத்திலோ, 2021-ல் தாஷ்கண்டில் 18 வயதுக்குட்பட்ட பெண்கள் ஆசிய வெள்ளி. 2022-ல் ஜகார்த்தாவில் பெரியவர்கள் வெள்ளி. 2025 ஆகஸ்டில் பீகாரின் ராஜ்கிரில் 20 வயதுக்குட்பட்ட பெண்கள் வெண்கலம். ராஜ்கிரில் ஆண்களுக்குப் பதக்கமில்லை.

இந்த வரிசையைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் பெண்கள் ஹாங்காங்கிடம் 0-38, ஜப்பானிடம் 0-45 என்று தோற்றார்கள். எழுவர் ஆட்டம் மொத்தமே பதினான்கு நிமிடம். அதில் 45 புள்ளி என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு ‘ட்ரை’ (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றிப் புள்ளி எடுப்பது). ஜப்பான் வீராங்கனைக்குக் கிடைக்கும் ஆட்டங்களின் எண்ணிக்கையே அந்த இடைவெளிக்குக் காரணம் என்று சொல்லலாம். சொன்னாலும் இடைவெளி இடைவெளிதான். ஆயினும் ஒடிசாவும் பீகாரும் முன்னே வந்ததற்கான காரணம் தெளிவு. ஒடிசாவில் விடுதி சோறு போட்டது. மாநில அரசு தேசிய அணிக்கே ஆதரவாளராக நின்றது. பீகாரில் பதக்கம் வென்றால் அரசு வேலை என்று திட்டமே வந்தது. இழந்த கூலிக்கு ஈடு கிடைத்த இடத்தில்தான் ஆட்டம் முளைத்திருக்கிறது. தரவரிசை இதைக் காட்டாது.

அப்படியானால் விருதுநகர்? இங்கே கபடி இருக்கிறது. பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் ராத்திரி முழுக்க ட்யூப் லைட் வெளிச்சத்தில் கபடி நடக்கும் ஊர்களில், பாய்ந்து காலைப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ரக்பியின் ‘டாக்கிள்’ இவர்களுக்குப் புதிதல்ல. அதிலும் பதின்மூவர் ரக்பி கபடிக்கு இன்னும் நெருக்கம். பிடிபட்டவர் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளி ஆட்டத்தைத் தொடரலாம். ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்கு. தரையில் கிடந்து பந்துக்காகக் குவிந்து மல்லுக்கட்டும் குழப்பம் இல்லை. கற்றுக்கொள்ள எளிது, பார்க்கவும் எளிது. ஆட்டத்தின் அமைப்பை மட்டும் வைத்துச் சொன்னால், நம்மூருக்குப் பொருத்தம் பதின்மூவர் ஆட்டமே.

ஆனால் பையன்கள் கபடியை விட்டு வர மாட்டார்கள், வரவும் கூடாது. 2014-ல் தொடங்கிய புரோ கபடியில் ஏலத்தொகை கோடியைத் தாண்டுகிறது. ரயில்வேயிலும் காவல்துறையிலும் கபடிக்கு இடமுண்டு. பெண்களுக்கோ நிலைத்து நடக்கும் தொழில்முறைக் கபடி லீக் கிடையாது. கபடி ஆடும் பெண்ணுக்கு இருபது வயதில் பாதை முடிந்துபோகிற இடத்தில் ரக்பிக்கு ஒரு வாசல் இருக்கிறது. எழுவர் ரக்பி 2016 முதல் ஒலிம்பிக்கிலும் உண்டு, ஆசிய விளையாட்டிலும் உண்டு. அரசு வேலைக்கான விளையாட்டுச் சான்றிதழுக்கு இது முக்கியம். பதின்மூவர் ரக்பிக்கு இந்த இரண்டுமே இல்லை.

பதின்மூவர் ஆட்டத்துக்கு ஓர் இந்திய தேசிய அணி வேண்டும் என்பவர்களுக்கு என் பதில் அதனால்தான் கசப்பாக இருக்கிறது. 2000 உலகக் கோப்பையில் லெபனான் என்ற பெயரில் ஆடியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவர்கள். தாத்தாவின் ஊரைக் காட்டிச் சட்டை மாட்டிக்கொள்வது விதிப்படி சரி. ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் இந்திய வம்சாவளிப் பிள்ளைகளைத் திரட்டி நாமும் ஓர் அணியை அப்படி நிறுத்திவிடலாம். அதனால் சாத்தூரில் ஒரு பந்துகூட உருளாது. நேர் எதிர் உதாரணம் பப்புவா நியூ கினியா. அங்கே ரக்பி லீக் ஊர் ஊராக ஆடும் மக்கள் விளையாட்டு. 2028-ல் அந்நாட்டு அணி ஆஸ்திரேலியாவின் ரக்பி லீக் போட்டியான என்ஆர்எல்லில் சேர இருக்கிறது. அதற்காக ஆஸ்திரேலிய அரசு பத்தாண்டுகளில் 60 கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவிட ஒப்புக்கொண்டிருக்கிறது. பசிபிக்கில் சீனாவை ஒதுக்கும் அரசியல் கணக்கும் அதில் உண்டு. இந்தியாவில் அந்த மக்கள் வழக்கமும் இல்லை, அப்படிப்பட்ட பணமும் இல்லை.

பணம் என்றதும் 2025 ஜூனில் நடந்த ரக்பி பிரீமியர் லீக் நினைவுக்கு வரும். ஆறு அணிகள், இரண்டு வாரம், முதல் பட்டம் சென்னை புல்ஸுக்கு. இறுதியாட்டத்தில் டெல்லியை 41-0 என்று நசுக்கினார்கள். சென்னை என்று பெயரிருந்தாலும் எல்லா ஆட்டமும் மும்பையில் ஒரே மைதானத்தில். புள்ளிகளை அள்ளிக் குவித்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டு நட்சத்திரங்கள். உலகத் தரமான ஆட்டக்காரரின் பக்கத்தில் நின்று ஆடுவது இந்தியப் பையனுக்கு நல்ல பாடம், மறுக்கவில்லை. வருஷத்தில் மீதி ஐம்பது வாரத்துக்கு அந்தப் பாடம் எங்கே? முதல் பருவம் ஆண்களுக்கு மட்டும் நடந்தது இன்னும் பெரிய குறை. பதக்கம் கொண்டுவருபவர்களை விட்டுவிட்டு மேடை போட்டிருக்கிறார்கள்.

காயத்தைப் பற்றிப் பேசாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. தலையில் பட்ட அடிகளால் மறதி நோய் வந்ததாகச் சொல்லி, உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்தின் ஸ்டீவ் தாம்சன் முதலானோர் 2020-ல் வழக்குக்குக் கிளம்பினார்கள். பிடிக்கும் உயரத்தை மார்புக்குக் கீழே இறக்குவது போன்ற மாற்றங்கள் அதற்குப் பிறகு வேகம் பிடித்தன. அவர்களுக்கு வழக்குப் போட வசதியிருக்கிறது. விரல் வேகத்தையும் தோள் வலுவையும் நம்பிக் கூலி வாங்குகிற பெண்ணுக்குத் தோள் மூட்டு நழுவினால் மூன்று மாத வருமானம் போச்சு. அச்சங்குளம் என்ற பெயர் வெளியூர்ப் பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்டது 2021 பிப்ரவரி 12 அன்று. பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உடலைப் பணயம் வைத்துச் சம்பாதிப்பதை ஏற்கெனவே நன்றாக அறிந்த ஊரில், காப்பீடும் மருத்துவரும் இல்லாமல் ஒரு மோதல் விளையாட்டைக் கொண்டுவந்து இறக்குவது அநியாயம். மைதானமும் சிக்கல்தான்: கரிசல் கோடையில் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும், மழையில் காலை விடாது. புல்தரையும் தண்ணீரும் இல்லாமல் இங்கே யாரையும் விழச் சொல்லக் கூடாது.

ஆக என் தீர்ப்பு இதுதான். ஆண்கள் பதினைவர் அணி, நூற்றைம்பது வருஷப் பழமையைக் காட்டிப் பெருமை கேட்கும் தகுதியை இன்னும் அடையவில்லை. ஆண்கள் எழுவர் அணிக்குச் சில வருஷம் பொறுக்கலாம். பிரீமியர் லீக் அதற்குள் உள்நாட்டுப் போட்டியாக மாற வேண்டும். பதின்மூவர் தேசிய அணி இப்போதைக்கு வேண்டாம். பெண்கள் எழுவர் அணியே இந்தியாவின் உண்மையான ரக்பி தேசிய அணி. ஹாங்சோவின் 0-45-ஐக் கணக்கில் வைத்துக்கொண்டே இதைச் சொல்கிறேன். கையிலிருக்கும் பணம் முதலில் அவர்களுக்குப் போக வேண்டும்: விடுதி, காப்பீடு, முகாம் நாளுக்கு உள்ளூர்க் கூலியளவு படி. தமிழ்நாடு செய்ய விரும்பினால் சாத்தூரிலோ சிவகாசியிலோ ஒரு பெண்கள் விளையாட்டு விடுதியில் கபடியோடு எழுவர் ரக்பியையும் சேர்த்துத் தொடங்கலாம். முகாம் நாளுக்கான படி ஒவ்வொரு மாதமும் வந்து சேர்கிறதா என்பதை வைத்து அதை மதிப்பிடலாம்.

இந்தத் தீர்ப்பைச் சோதிக்க ஒரு தேதியும் இருக்கிறது. ராஜ்கிரில் வெண்கலம் வாங்கிய பெண்கள் 2030 தோஹா ஆசிய விளையாட்டின்போது இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் இருப்பார்கள். எழுவர் ஆட்டக்காரருக்கு நல்ல வயது. அன்றைய இந்திய அணிப் பட்டியலையும் 2025 பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாதிப் பெயர்களாவது இருந்தால் நான் சொன்னது சரி. இல்லாவிட்டால் பெண்கள் அணியையும் மற்றவற்றோடு அதே கணக்கில் சேர்த்துவிடலாம்.