753 மனைவிகள்

எகனாமெட்ரிக்ஸ் படித்த மாணவிகளுக்கு இந்தப் பெண்களைத் தெரிந்திருக்கும். 1975ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடும்ப ஆய்விலிருந்து எடுத்த 753 பேர். 30 முதல் 60 வயதுக்குட்பட்டவர்கள், திருமணமானவர்கள், வெள்ளையர்கள். அந்த ஆண்டு 428 பேர் கூலி வேலை செய்தார்கள். 325 பேர் செய்யவில்லை. தாமஸ் ம்ரோஸ் 1987இல் தன் கட்டுரைக்குப் பயன்படுத்திய இந்தத் தரவை, ஜெஃப்ரி வுல்ட்ரிட்ஜின் பாடநூல் உலகமெங்கும் வகுப்பறைகளுக்குக் கொண்டுபோனது. நானும் அதில்தான் பழகினேன்.

ம்ரோஸ்மீது எனக்கு மரியாதை உண்டு. கூலி சற்று மாறினாலே மனைவிகள் வேலை நேரத்தைப் பெரிதாக மாற்றிக்கொள்வார்கள் என்று சொன்ன முந்தைய மதிப்பீடுகள் பல, ஆய்வாளர்கள் வைத்துக்கொண்ட அனுமானங்களால் வந்தவை என்று அவர் காட்டினார். வேலையிலிருக்கும் மனைவியும் ஏறக்குறைய ஆண்களைப்போலத்தான்; கூலி அசைந்ததும் அவள் நேரம் அசைந்துவிடுவதில்லை. பெண் சம்பளத்தைக் 'கைச்செலவுக் காசு' என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டாம்.

என் மனத்தாங்கல் பாடமாக அது கற்பிக்கப்படும் விதத்தில். கணவனின் சம்பளம் உட்பட வீட்டுக்கு வரும் மற்ற வருமானத்துக்கு அந்த அட்டவணையில் 'மனைவியுடையது அல்லாத வருமானம்' என்று பெயர். அது பத்தாயிரம் டாலர் கூடினால், மனைவி வேலைக்குப் போகும் வாய்ப்பு சுமார் 3.4 சதவீதப் புள்ளி குறைகிறது. ஆறு வயதுக்குட்பட்ட ஒரு குழந்தை இருந்தால் 26 சதவீதப் புள்ளி. இரண்டும் ஒரே சமன்பாட்டில் அடுத்தடுத்து நிற்கின்றன. 'புருஷன் சம்பாதிக்கிறான், அவளுக்கென்ன' என்ற பழைய விளக்கம் அங்கேயே ஆட்டம் காண்கிறது. ஆனால் எங்கள் வகுப்பில் குழந்தை எண்ணின் குறி எதிர்மறையா, புள்ளியியல்படி முக்கியமா என்று பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டோம். கணவன் உழைத்த மணிநேரமும் அந்தக் கோப்பில் ஒரு பத்தியாக இருக்கிறது. குழந்தை பிறந்தால் அது என்னவாகும் என்று யாரும் கேட்கவில்லை. அவன் நேரம் ஒரு கேள்வியாகவே இல்லை!

அடுத்து ஹெக்மன் திருத்தம். 325 பேரின் கூலி பூஜ்யமல்ல, நம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. வீட்டில் செலவாகும் நேரத்துக்கும் ஒரு விலை உண்டு. ஜேம்ஸ் ஹெக்மன் 1974இல் எழுதியது இந்த யோசனையைத்தான். பெண்ணியவாதி ஒருவர் சொல்லியிருந்தால் கொள்கை முழக்கம் என்றிருப்பார்கள். ஆனால் பாடநூலில் அந்த விலை, சந்தைக் கூலியைச் சரியாக அளப்பதற்கான ஏணி மட்டுமே. ஏறியதும் எட்டி உதைத்துவிடலாம். கல்வியின் பலன் திருத்தத்துக்கு முன் 10.75 சதவீதம், பின் 10.9. ஆகவே தேர்வுச் சாய்வு ஏறக்குறைய இல்லை என்று பாடம் முடிகிறது. அந்த முடிவு கூலிச் சமன்பாட்டைப் பற்றியது. 325 பேர் நாள்முழுக்க என்ன செய்தார்கள் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

சமன்பாட்டுக்கு வெளியே ஒரு சட்டமும் இருக்கிறது. அமெரிக்கச் சமூகக் காப்பீட்டில் 1939இல் மனைவிக்கென்று ஓய்வூதியம் சேர்த்தார்கள்: கணவனுடையதில் பாதி. வேலைக்குப் போன மனைவியின் சொந்த ஓய்வூதியம் அந்தப் பாதியைவிடக் குறைவென்றால், மொத்தத்தில் அவளுக்கும் பாதிதான். ஆண்டுக்கணக்காக அவள் சம்பளத்தில் பிடித்த சந்தா, வேலைக்கே போகாத பக்கத்து வீட்டுக்காரிக்குக் கிடைப்பதைவிட ஒரு டாலர்கூடக் கூட்டித் தராது. 'அவள் ஏன் வேலைக்குப் போகவில்லை' என்று கேட்கும் சமன்பாட்டில் இதற்கு ஒரு பத்தி இல்லை.

பிறர் வீடுகளில் சமைத்துத் துடைத்த பெண்களை, அவர்களில் பெரும் பகுதியினரான கறுப்பினப் பெண்களை, 1935ஆம் ஆண்டின் மூலச் சட்டம் காப்பீட்டுக்குள் சேர்க்கவே இல்லை. வீட்டு வேலையாட்களில் நிலையாக ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்கள் உள்ளே வர 1950 ஆயிற்று. கறுப்பினப் பெண்கள் இந்த 753 பேரிலும் இல்லை.