ஒளித்துவைக்கும் கதையும் சொல்லாமல் விடும் கதையும்

அமெரிக்கச் சிறுகதை என்று பேச்செடுத்தால் இரண்டே பதில்கள்தான் வருகின்றன. "ஓ. ஹென்றிதானே? பள்ளிக்கூடத்திலேயே படித்தாயிற்றே" என்பது ஒன்று. "குடி, விவாகரத்து, கடைசிவரை ஒன்றுமே நடக்காது, நமக்கு ஒட்டாது" என்பது மற்றது. நல்ல வாசகர்களே இப்படிச் சொல்வதைக் கேட்டால் எரிச்சலாக இருக்கிறது. ஆயிரம் பக்க ருஷ்ய நாவலுக்கு அஞ்சாதவர்கள், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் கதையைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அசோகமித்திரனைக் கொண்டாடுகிறவர்களும் இதில் சேர்த்தி. அவர் 1973-ல் அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்தாளர் திட்டத்துக்குப் போய்வந்தவர், அவருடைய 'ஒற்றன்!' நாவல் அந்த அனுபவத்தில் பிறந்தது. அவருடைய அடங்கிய குரல் உங்களுக்குப் பிடிக்கும் என்றால், நான் சொல்லப்போகும் கதைகளும் பிடிக்கும்.

முதலில் அடிப்படைகள். கதை ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடியதாக, ஒரே விளைவை நோக்கிப் போவதாக இருக்கவேண்டும் என்று எட்கர் ஆலன் போ 1842-ல், ஹாதார்னின் கதைகளைப் பற்றி எழுதும்போது சொன்னார். ஆகவே ஒரே மூச்சில் படியுங்கள்; பஸ்ஸில் நாலு பக்கம், படுக்கையில் நாலு பக்கம் என்று பிய்க்காதீர்கள். முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். ஆங்கிலத்துக்குப் பயப்படாதீர்கள், ஹெமிங்வேயும் ரேமண்ட் கார்வரும் மிக எளிய சொற்களில் எழுதியவர்கள். எந்தக் கதையையும் இரண்டு முறை படியுங்கள். அடிப்படை அவ்வளவுதான்.

இனி முக்கியமானது. கதைகளில் மௌனம் இரண்டு வகை. எழுத்தாளர் தனக்குத் தெரிந்ததை வாசகனிடமிருந்து ஒளித்துவைப்பது ஒரு வகை. எல்லாவற்றையும் கண்ணெதிரே வைத்துவிட்டு, அதன் பெயரை மட்டும் சொல்லாமல் விடுவது இன்னொரு வகை. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் பாதி அமெரிக்க இலக்கியம் உங்களுக்குத் திறந்துவிடும்.

ஓ. ஹென்றி முதல் வகை. 1905-ல் வந்த 'த கிஃப்ட் ஆஃப் த மேஜை' கதையில் டெல்லா தன் கூந்தலை விற்றுக் கணவனுக்குக் கடிகாரச் சங்கிலி வாங்குகிறாள். அந்தக் கணவன் கடிகாரத்தை விற்று அவளுக்குச் சீப்புகள் வாங்கிவிட்டது கடைசியில்தான் நமக்குத் தெரிகிறது. அன்பான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் முடிவு தெரிந்தபின் அதற்குள் போய்ப் பார்க்க அறை எதுவும் மிச்சமில்லை.

ஹெமிங்வே இரண்டாம் வகை. அவருடைய 'ஹில்ஸ் லைக் ஒயிட் எலிஃபண்ட்ஸ்' 1927-ல் வந்தது. ஸ்பெயினில் எப்ரோ பள்ளத்தாக்கு, ஒரு ரயில் நிலையம். பார்சிலோனாவிலிருந்து வரும் ரயிலுக்கு இன்னும் 40 நிமிடம் இருக்கிறது. ஓர் அமெரிக்கனும் ஒரு பெண்ணும் பீர் குடித்துக்கொண்டே பேசுகிறார்கள். பேச்சு கருக்கலைப்பைப் பற்றியது; அந்தச் சொல் மட்டும் கதையில் எங்கும் வராது. இதில் ரகசியம் என்ன இருக்கிறது? அவனுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்த இருவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பேசுகிறார்கள். பக்கத்து மேசையில் உட்கார்ந்து நாம் கேட்கிறோம். "உனக்கு விருப்பமில்லை என்றால் வேண்டாம்" என்பதை அவன் எத்தனை விதமாகச் சொல்கிறான், ஒவ்வொரு முறையும் அவளை எப்படி நெருக்குகிறான் என்பதைக் கவனியுங்கள். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் அவன் மீது கோபம் வரும்.

பனிப்பாறையில் எட்டில் ஒரு பங்குதான் நீருக்கு மேலே தெரியும் என்று ஹெமிங்வே 1932-ல் எழுதினார். நம் விமர்சகர்கள் அதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். தனக்குத் தெரியாததால் ஒன்றை விட்டுவிடுகிற எழுத்தாளன் எழுத்தில் வெற்றிடத்தைத்தான் உண்டாக்குகிறான் என்று அவர் கூடவே சொன்னதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. இன்று பத்து வரியில் எழுதி, கடைசி வரியில் ஒரு குத்து வைத்து, 'குறுங்கதை' என்று சுற்றிவிடுகிறார்களே, அவற்றில் பெரும்பாலானவை அந்த வெற்றிடம்தான்.

ஒளித்துவைப்பதற்கும் சொல்லாமல் விடுவதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஷெர்லி ஜாக்சனின் 'த லாட்டரி' நல்ல சோதனை. 1948 ஜூனில் 'நியூ யார்க்கர்' இதழில் வந்தபோது வாசகர்கள் கொதித்துப்போய்க் கடிதங்கள் எழுதிக் குவித்தார்கள். ஓர் ஊர் ஆண்டுதோறும் சீட்டு எடுத்து ஒருவரைக் கல்லெறிந்து கொல்கிறது. இதைக் கடைசியில் திருப்பம் வைக்கும் கதை என்று வகைப்படுத்துகிறவர்கள் சரியாகப் படிக்கவில்லை என்றுதான் சொல்வேன். இரண்டாம் பத்தியிலேயே சிறுவர்கள் சட்டைப்பையில் கற்களை நிரப்புகிறார்கள். வழவழப்பான உருண்டைக் கற்களாகப் பார்த்துப் பொறுக்குகிறார்கள். சாகப்போகிற டெஸ்ஸி தாமதமாக ஓடிவந்து சிரித்துப் பேசுகிறாள், கணவனைச் சீக்கிரம் போய்ச் சீட்டு எடுக்கச் சொல்கிறாள். தன் குடும்பத்துக்குச் சீட்டு விழுந்தபின்தான் அவளுக்கு அது அநியாயமாகத் தெரிகிறது. ஜாக்சன் எதையும் ஒளிக்கவில்லை. கற்களைப் பார்த்தும் பார்க்காமல் கடந்துபோனது நாம்.

இன்னும் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். சொல்லாமல் விடுவது வேறு, வெட்டி எறிவது வேறு. ரேமண்ட் கார்வரின் 1981 தொகுப்பில் சில கதைகளைப் பதிப்பாசிரியர் கார்டன் லிஷ் பாதிக்கும் மேல் வெட்டினார். வேண்டாம் என்று கார்வர் கெஞ்சிக் கடிதம் எழுதியும் புத்தகம் அப்படியே வந்தது. 'த பாத்' கதையில் பிறந்தநாளன்று கார் மோதிய சிறுவன் மருத்துவமனையில் கிடக்கிறான். தொலைபேசி மணியோடு கதை அந்தரத்தில் நிற்கிறது. அதையே கார்வர் 'எ ஸ்மால், குட் திங்' என்று முழுமையாக 1983 தொகுப்பில் சேர்த்தார். அதில் சிறுவன் இறந்துபோகிறான். வாங்கப்படாத கேக்குக்காகத் தொலைபேசியில் தொல்லை கொடுத்த பேக்கரிக்காரர், பெற்றோரை உட்காரவைத்துச் சுடச்சுட ரொட்டி கொடுக்கிறார். விடியும்வரை மூவரும் பேசுகிறார்கள். வெட்டிய வடிவத்தை 'மினிமலிசம்' என்று ஒரு தலைமுறையே புகழ்ந்தது. எனக்கு அது ஆழமற்ற ரசனை. சொற்கள் குறைந்தால் ஆழம் கூடிவிடாது. அந்த ரொட்டி இல்லாமல் அந்தக் கதை இல்லை.

கட்டுரைகளையும் இப்படித்தான் படிக்கவேண்டும். ஜேம்ஸ் பால்ட்வினின் 'நோட்ஸ் ஆஃப் எ நேட்டிவ் சன்' 1955-ல் வந்தது. தந்தை இறந்தது, அதே நாளில் அவருடைய கடைசிக் குழந்தை பிறந்தது, சவ அடக்க நாள் தன்னுடைய 19-வது பிறந்தநாளாக அமைந்தது, ஹார்லெமில் கலவரம் வெடித்தது என எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். மிச்சமிருப்பது தந்தையின் கசப்பு தனக்குள்ளும் ஓடுகிறது என்ற கண்டுபிடிப்பு. தன் காயத்தைக் காட்டிக் கைதட்டு வாங்கும் இன்றைய ஒப்புதல் கட்டுரைகள் இதன் பக்கத்தில் நிற்கமுடியாது.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு மிக நெருக்கமானது எட்வர்ட் பி. ஜோன்ஸின் 'த ஃபர்ஸ்ட் டே'. 1992-ல் வந்த 'லாஸ்ட் இன் த சிட்டி' தொகுப்பில் இருக்கிறது, சில பக்கங்கள்தான். வாஷிங்டன் நகரில் ஒரு கறுப்பினத் தாய் மகளை முதன்முதலாகப் பள்ளிக்கு அழைத்துப்போகிறாள். அம்மாவைப் பற்றி வெட்கப்படக் கற்றுக்கொள்வதற்கு முந்தைய காலம் அது என்று மகள் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறாள். சேர்க்கைப் படிவத்தைப் பூர்த்திசெய்யத் தாய் ஒரு பெண்ணிடம் உதவி கேட்கிறாள். அவளுக்கு எழுதப்படிக்கத் தெரியாது. அந்த முதல் வாக்கியத்தோடு சேர்த்து இந்த இடத்தைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. இத்தனைக்கும் பரிதாபம் தேடும் ஒரு சொல்லும் அங்கே இல்லை.

முதலில் ஹெமிங்வே, அடுத்து ஜாக்சன், பிறகு ஜோன்ஸ் என்று மூன்று மாலைகளை ஒதுக்குங்கள். மூன்றையும் இரண்டு முறை படித்தபின்னும் ஒட்டவில்லை என்றால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். படிக்காமல் சொல்லாதீர்கள்.