கேட்போர் முகம்: ஒற்றைப் படக்கருவியும் உரையாடற் காட்சியும்

திரைப்படத்தில் இருவர் அமர்ந்து பேசும் காட்சியே எளிதென்று கருதுவோர் பலர். ஆயினும் ஒரு படைப்பாளியின் திறமும் தகவும் அங்கேதான் வெளிப்படுகின்றன. பொருள்வளம் குன்றிய மலேசியத் தமிழ்ப் படைப்பாளிக்குப் பெரும்பாலும் வாய்ப்பது ஒரே படக்கருவி. அதைக் கொண்டே பல கோணங்களில் உரையாடலைப் பதிந்து, பின்னர் படத்தொகுப்பில் இணைக்கும் முறை ஆராயத்தக்கது.

காம்பார்ப் பழைய கடைவீதியின் அஞ்சடியில், முன்னாளில் பால்மரம் சீவிய தந்தையும் அவர் மகனும் தேநீர் அருந்துவதாகக் கொள்க. மேற்படிப்பை விட்டுவிட்டதாக மகன் சொல்கிறான். முதலில் இருவரையும் ஒருங்கே காட்டும் தொலைவில் கருவியை நிறுத்தி, உரையாடல் முழுவதையும் பதிய வேண்டும். அடுத்துத் தந்தையின் தோளுக்குப் பின்னிருந்து மகன் முகத்தையும், மகனின் தோளுக்குப் பின்னிருந்து தந்தை முகத்தையும் தனித்தனியே பதிய வேண்டும். ஒவ்வொரு முறையும் நடிகர் முழுமையாகப் பேசி நடித்தல் வேண்டும். எச்சொல்லில் குவளையை எடுத்தாரோ, அச்சொல்லிலேயே மறுமுறையும் எடுத்தல் இன்றியமையாதது. வெயில் சாய்ந்து நிழல் இடம்பெயருமுன் பணி முடிதலும் வேண்டும்.

இருவருக்குமிடையே கற்பனைக் கோடொன்று வகுத்து, அதன் ஒரு பக்கத்திலேயே கருவியை நிறுத்துவது பொதுவிதி. அவ்வாறு செய்யின் ஒருவர் வலப்புறமும் மற்றவர் இடப்புறமும் நோக்குவர். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதாகவே தோன்றும். சப்பானிய இயக்குநர் ஓசு, 1953இல் வெளிவந்த 'டோக்கியோ கதை'யில் இவ்விதியைப் பலவிடங்களில் மீறினார். எனினும் விதியறிந்து மீறுதல் வேறு, அறியாது பிறழ்தல் வேறு.

இவையெல்லாம் பயிற்சியால் கைவருவன. படத்தொகுப்பில் எழும் வினாவோ கருத்தைச் சார்ந்தது: ஒருவர் பேசும்போது யார் முகத்தைக் காட்டுவது? பேசுபவரையே மாறிமாறிக் காட்டினால் காட்சி பூப்பந்தாட்டம் போலாகிவிடும். பந்து செல்லும் திசையில் பார்வையாளரின் தலை திரும்புமேயன்றி உள்ளம் அசையாது. தொலைக்காட்சி நாடகங்கள் பலவற்றின் குறை இதுவே.

தமிழ் மாணவருக்கு இவ்வுண்மை புதியதன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளுறுப்புகளைத் தொகுக்குமிடத்து, 'கூற்று' என்பதோடு அமையாமல் 'கேட்போர்', 'களன்', 'மெய்ப்பாடு' ஆகியவற்றையும் தனியுறுப்புகளாக வைத்தார். அகப்பாடல்களில் தலைவன் சிறைப்புறத்தானாக, தோழி தலைவிக்குச் சொல்வதாக அமைந்த துறைகள் உள. அங்கே சொல் ஒருவரை நோக்கியது. பொருள் மறைந்து நின்று கேட்கும் மற்றொருவரை நோக்கியது. கேட்பவரை நீக்கினால் பாட்டின் பொருளே குன்றும்.

அஞ்சடிக் காட்சியை இவ்வளவைகொண்டு நோக்கலாம். மகன் சொல்லும் வேளையில் அவன் முகத்தையே காட்டினால், அஃது ஓர் இளைஞனின் அறிவிப்பாக நின்றுவிடும். அவன் குரல் ஒலிக்கையில் தந்தை முகத்தைக் காட்டினாலோ, பால்மரத்தடியில் கழிந்த ஒரு வாழ்நாளின் நம்பிக்கை சரிவது தெரியும். உரையாடலும் பதிவுகளும் ஒன்றே. தொகுப்பு மட்டுமே வேறு. இதற்குப் படப்பிடிப்பிலேயே வழிசெய்தல் வேண்டும். கருவிக்குப் புறத்தே நிற்கும் நடிகரும் தம் உரையை உணர்வோடு பேசினாலன்றி, கேட்பவர் முகத்தில் மெய்ப்பாடு தோன்றாது.

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வெளிவந்த 'ஜகாட்' தோட்டங்களினின்று பெயர்க்கப்பட்ட மக்களின் அடுத்த தலைமுறையைப் பேசும் படம். 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. படி படியென வற்புறுத்தும் தந்தைக்கும் கற்பனை வளமிக்க சிறுவன் அப்போய்க்கும் இடையிலான பிணக்கு அதன் உயிர்நாடி. இத்தகைய கதையில் பெரியோர் சொல்வதைவிட அச்சொல்லைத் தாங்கும் சிறுவனின் மௌனமே கனமானது.

தோட்ட வரலாற்றில் பேசியவர் துரையும் கிராணியும் கங்காணியும். கேட்டு நின்றவர் தொழிலாளர். அவ்வரலாற்றைப் படமாக்குவோர் பேசியவரை மட்டும் காட்டினால், பழைய வரிசையையே மீண்டும் நிறுவியவராவர். படக்கருவி ஒன்றேயாயினும் அதைக் கேட்டவர் பக்கமும் திருப்பலாம். அதற்குப் பொருட்செலவு வேண்டுவதில்லை. கேட்டவர் முகத்துக்கும் உரிய இடம் உண்டென்னும் எண்ணமே வேண்டும்.