நிதானக் குரல்: யாருக்கு வசதி?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிவீடுகளில் வானொலிக்குத் தனி இடம் உண்டு. கைக்கும் காலுக்கும் கண்ணுக்கும் தறியில் வேலை; சும்மா இருப்பது காது ஒன்றுதான். அந்தக் காதில் பல பத்தாண்டுகளாக வந்து விழுந்தது ஆகாசவாணியின் பதறாத குரல். தில்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசித்தால் போரானாலும் புயலானாலும் சுருதி மாறாது. 2022இல் அவர் மறைந்தபோது நேயர்கள் பலருக்கும் முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் குரல்தான்.

இந்தப் பதறாமையை ஒரு நற்குணமாகப் பாராட்டியே பழகிவிட்டோம். உண்மையில் அது ஒரு தொழில்முறை. அதனால் யாருக்கு லாபம், யார் தலையில் சுமை என்று கேட்டுப் பார்க்க இடமுண்டு. மிகக் கடினமான ஒரு நிலைமையை வைத்தே கேட்கிறேன். ஒலிப்பதிவு அறையில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர், ஒரு காலத்தில் காதலித்துப் பிரிந்துபோனவர் என்றால் அறிவிப்பாளர் என்ன செய்வார்?

வழக்கமான பதில், ஒன்றும் நடக்காததுபோல் வணக்கம் சொல்லி நிகழ்ச்சியைத் தொடங்குவார் என்பதுதான். வானொலி நிலையங்களில் உறவுகள் புதிதல்ல. இலங்கை வானொலியின் மயில்வாகனமும் செந்திமணி மயில்வாகனமும் தமிழ் நேயர்கள் நன்கறிந்த கணவன் மனைவி. இப்படிக் கல்யாணத்தில் முடிந்தவற்றை வரலாறு பெருமையோடு சொல்கிறது. முறிந்தவை பணிப் பட்டியலுக்குள் சத்தமில்லாமல் புதைந்துவிட்டன.

அந்த வணக்கத்தின் நிறையை முதலில் சொல்லிவிட வேண்டும். கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். கரைப்பக்க நாடாவை வாங்கிக் கொடுக்க நெசவாளிக்குப் பக்கத்தில் ஒரு துணை ஆள் வேண்டும். பல வீடுகளில் அது மனைவி. காலையில் இருவருக்கும் என்ன சண்டை என்பது புடவையில் தெரியக் கூடாது. நாடா நேரத்துக்கு வராவிட்டால் கரை உடலோடு சேராது. காசு கொடுத்து வாங்குகிறவருக்குச் சண்டையின் நியாயம் தேவையில்லை. ஒலிபரப்பும் அப்படித்தான். பொறியாளர் சைகை காட்டும்போது பேச்சு தொடங்க வேண்டும், பாட்டு முடியும்போது குரல் ஏற வேண்டும். ஐந்து விநாடி மௌனம் வந்தாலே கேட்பவர் பெட்டியைத் தட்டிப் பார்ப்பார். பிரிந்த இருவர் முகம் பார்க்காமலேகூட இதைச் செய்து முடிக்கலாம். நேயரின் வீட்டுக்குள் தங்கள் வழக்கைக் கொண்டுபோகாமல் இருப்பது மரியாதை. அதை நடிப்பு என்று இழித்துப் பேச எனக்கு மனமில்லை.

நிதானம் என்றால் உணர்ச்சி வற்றிய குரல் என்றும் பொருளல்ல. 1948இல் காந்தியின் இறுதி ஊர்வலத்தை ஆகாசவாணி வர்ணனையாளர் மெல்வில் டி மெல்லோ ஏறக்குறைய ஏழு மணி நேரம் வர்ணித்தார். துக்கம் அந்தக் குரலில் இருந்தது, ஆனால் தகவலை மூழ்கடிக்கவில்லை.

குறை தொடங்கும் இடத்துக்கும் ஆகாசவாணியின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1984 அக்டோபர் 31 காலையில் இந்திரா காந்தி சுடப்பட்டார். அவர் இறந்துவிட்டதை பிபிசி பகலிலேயே சொல்லிவிட்டது. ஆகாசவாணி அதிகாரபூர்வமாக அறிவித்தபோது மாலை ஆகிவிட்டது. இடைப்பட்ட நேரம் முழுக்க ஒலிபரப்பில் பதற்றம் இல்லைதான். நாடே உண்மைக்காக வேறு அலைவரிசையைத் திருப்பிக்கொண்டிருந்தபோது அந்தப் பதறாமையால் யாருக்கு என்ன பயன்? நிர்வாகம் ஒன்றை மறைக்க விரும்பும்போதும் நிதானக் குரல் கச்சிதமாக உதவுகிறது. இந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டுதான் ஒலிப்பதிவு அறைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

பிரிந்தவர்கள் சேர்ந்து வேலை செய்ததற்கு ஒலிபரப்பு உலகில் பிரபலமான உதாரணம் அமெரிக்கத் தொலைக்காட்சியின் சன்னி–ஷெர் இணை. 1975இல் விவாகரத்து, 1976 பிப்ரவரியில் மறுபடி இருவரும் ஒரே மேடையில், ஒரே நிகழ்ச்சியில். அவர்கள் எதையும் மறைக்கவில்லை. முறிந்த கல்யாணமே நகைச்சுவைக்குச் சரக்காகியது. 1977இல் நிகழ்ச்சி நின்றுபோனது. நம் பண்பலை நிலையங்களின் காலை நேர இரட்டைத் தொகுப்பாளர்களுக்கும் இந்தப் பாணி அந்நியமானதல்ல, கலாய்ப்புதானே அங்கே முதலீடு. செய்தி வாசிப்பவருக்குச் சுருதி பிசகாமல் இருந்தால் போதும். இவர்களோ எதிரில் இருப்பவர் சொன்னதற்கெல்லாம் சிரிக்கவும் வேண்டும். விமானப் பணிப்பெண்களைப் பற்றிச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்டு 1983இல் எழுதிய நூல், இப்படி வரவழைக்கும் சிரிப்பைக் கூலி வேலையாகவே கணக்கில் எடுத்தது. சம்பளச் சீட்டில் அதற்கு இன்னும் தனி வரி வந்தபாடில்லை.

நம் பக்கத்து முறை இதற்கு நேரெதிர். 1940இல் வெளிவந்த ‘சகுந்தலை’ படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி சகுந்தலை, ஜி.என். பாலசுப்ரமணியம் துஷ்யந்தன். அதே ஆண்டு எம்.எஸ்., சதாசிவத்தை மணந்தார். ஜி.என்.பிக்கு அவர் எழுதியதாகச் சில காதல் கடிதங்களை டி.ஜே.எஸ். ஜார்ஜ் தமது வாழ்க்கை வரலாற்று நூலில் 2004இல் வெளியிட்டார். அந்தத் திருமணத்துக்குப் பிறகும் எம்.எஸ்.ஸும் ஜி.என்.பியும் அதே சங்கீத உலகில்தான் இருந்தார்கள். ஜி.என்.பி. சென்னை வானொலியில் கர்நாடக இசைப் பொறுப்பில் அமர்ந்தார், எம்.எஸ்.ஸின் குரலோ வானொலியின் அன்றாடச் சொத்து. 1958இல் அவருக்கும் 1968இல் இவருக்கும் சங்கீத கலாநிதி. இத்தனை ஆண்டுகளில் நேயர்களின் காதுக்கு ஒரு பிசிறுகூட எட்டவில்லை.

இதை வெற்றி என்று சொல்லத்தான் வேண்டும். பாட்டு பாட்டாகவே நமக்குக் கிடைத்தது. ஆனால் அந்த அமைதியை நாம் என்ன செய்தோம் என்பதும் கேள்விதான். பெண்ணின் மௌனத்தை உடனே தெய்வீகமாக்கிவிட்டோம். காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் அவருக்காக நெய்வித்த நீலம் ‘எம்.எஸ். புளூ’ என்று இன்றும் கடைகளில் விலைபோகிறது, ஐ.நா. சபையில் 1966இல் அவர் பாடியவற்றில் ஒன்று காஞ்சி சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரஸ்வதி இயற்றிய பாடல். புடவையையும் பாட்டையும் போற்றிய ரசிகர்களில் பலர், அவரும் ஒரு காலத்தில் கடிதம் எழுதியிருக்கக்கூடிய பெண் என்றதும் முகம் சுளித்தார்கள். ஜி.என்.பியின் பெயருக்கு அதனால் எந்தக் களங்கமும் வந்ததாக யாரும் பேசவில்லை. நிதானத்துக்கான பாராட்டு இருபாலருக்கும் ஒன்றாகக் கிடைப்பதில்லை. தவறினால் வரும் ஏச்சும் அப்படியே.

சாதாரண அறிவிப்பாளருக்கு எம்.எஸ்.ஸின் புகழ் கிடையாது. ஆகாசவாணியில் மைக் முன் உட்காருகிறவர்களில் பலர் நிரந்தர ஊழியர்கள் அல்லர். அழைக்கும் நாளுக்கு மட்டும் ஊதியம் பெறும் தற்காலிக அறிவிப்பாளர்கள். அப்படிப்பட்ட ஒரு பெண், இன்னாரோடு ஒரே நேரத்தில் பணி வேண்டாம் என்று கேட்டால் பறிபோவது அவருடைய பணி நாளாகவே இருக்க வாய்ப்பு அதிகம். எதிரில் இருப்பவர் நிரந்தர ஊழியராகவோ பட்டியல் போடும் அதிகாரியாகவோ இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பத்துப் பேருக்குக் குறையாத பணியிடங்களில் உள்ளகப் புகார்க் குழு வேண்டும் என்கிறது. எழுத்தில் புகார் வந்தால் விசாரணைக் காலத்திலேயே இடமாற்றத்துக்கும் மூன்று மாதம் வரை விடுப்புக்கும் வழி வைத்திருக்கிறது. ஆனால் காதல் முறிவு குற்றமல்ல, அதைப் புகாராக எழுதவும் முடியாது. துன்புறுத்தலுக்கும் இயல்பான நட்புக்கும் நடுவில் உள்ள இந்தப் பெரிய வெளியை நிர்வாகங்கள் ஊழியரின் பக்குவத்திடம் விட்டுவிடுகின்றன. “ரெண்டு பேரும் மெச்சூர்டா நடந்துக்கோங்க” என்று சொல்லிவிட்டால் மேலாளரின் வேலை முடிந்தது. நிதானக் குரலில் எனக்குள்ள பெரிய ஆட்சேபம் இதுதான். அது கைவசம் இருக்கிறது என்பதாலேயே வேறு ஏற்பாடு எதுவும் செய்யாமல் விடுகிறார்கள்.

ஒத்துப்போகாதவர்களை ஒரே இடத்தில் இருக்க வைப்பதில் காஞ்சிபுரத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு. வரதராஜப் பெருமாள் கோயிலில் வைணவத்தின் இரு பிரிவினரான வடகலையாரும் தென்கலையாரும் யார் பிரபந்தம் சேவிப்பது, எந்தத் தனியனை முதலில் சொல்வது என்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வழக்காடிவருகிறார்கள். 2022இல் யார் எந்த வரிசையில் உட்காருவது என்பதுவரை சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. வேடிக்கையாகத் தோன்றும். ஆனாலும் பெருமாள் புறப்பாடு நடக்கிறது. இரண்டு தரப்பாரும் அதில் இருக்கிறார்கள். இருதரப்பின் பொறுமையை மட்டும் நம்பாமல் வரிசையை எழுதி வைத்தார்கள், அதை மீறினால் கேட்பதற்கும் ஓர் இடம் இருக்கிறது.

வானொலி நிலையத்துக்கு அவ்வளவு பெரிய தீர்ப்பு தேவையில்லை. அடுத்த மாதப் பணிப் பட்டியலில் அந்த இரண்டு பெயர்களையும் வேறு வேறு நேரத்தில் போட்டால் போதும். அப்படிப் போடும்போது தற்காலிக ஊழியரின் நாட்களைக் குறைக்காமல், தேவைப்பட்டால் நிரந்தர ஊழியரை நகர்த்த வேண்டும். அதற்குப் பிறகும் இருவரும் ஒரே நிகழ்ச்சியைத் தாங்களாக விரும்பிச் செய்தால், அப்போது அவர்களுடைய நிதானத்தை நான் தாராளமாகப் பாராட்டுவேன்.