கேடிகளும் கனவான்களும்: ஒரு கோல்ஃப் பருவத்தை வாசித்தல்

1

விளையாட்டுப் பக்கத்தை நாம் வாசிப்பதில்லை. புரட்டுகிறோம், அவ்வளவுதான். ஒரு கவிதைத் தொகுதிக்குக் காட்டுகிற சிரத்தையில் பத்தில் ஒரு பங்கைக்கூட அதற்குக் காட்டியதில்லை. ஆனால் இலக்கியப் பத்திரிகைப் பக்கமே வராத லட்சக்கணக்கான பேர் தினமும் கதை படிக்கிற இடம் அதுதான். 1957இல் ரொலான் பார்த் 'மித்தாலஜீஸ்' நூலில் பிரான்சின் சைக்கிள் பந்தயத்தை ஒரு காவியமாக வாசித்துக் காட்டினார். 1963இல் சி.எல்.ஆர். ஜேம்ஸ் கிரிக்கெட்டின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் காலனியத்தையும் நிறவெறியையும் பார்த்தார். நம்மிடம் இப்படியான வாசிப்பு பெரும்பாலும் கிரிக்கெட்டோடு நின்றுவிட்டது. ஆகவேதான் 2025ஆம் ஆண்டின் இந்திய ஆண்கள் தொழில்முறை கோல்ஃப் பருவத்தை ஒரு பிரதியாக எடுத்துக்கொள்கிறேன்.

"கோல்ஃபா? அது பணக்காரன் ஆட்டம். அதுல நமக்கு என்ன இருக்கு தோழர்?" என்று ஒரு நண்பர் கேட்டார். பணக்காரன் ஆட்டம் என்பது சரி. மூட்டை தூக்குறது யாரு என்பதுதான் என் கேள்வி.

2

ஆட்டக்காரரின் மட்டைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே நடப்பவருக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரைத் தமிழில் எழுதினால் 'கேடி' என்று வருகிறது. பிரெஞ்சு மொழியில் இளையவனைக் குறிக்கும் 'கதே' என்ற சொல் ஸ்காட்லாந்துக்குப் போய், எடின்பரோ தெருக்களில் எடுபிடி வேலை பார்த்த பையன்களின் பெயராகி, அங்கிருந்து கோல்ஃபுக்குள் நுழைந்தது என்பது அதன் பூர்வீகம். புதுச்சேரிக்காரனுக்கு அந்த மூலச் சொல் புதிதல்ல.

தமிழில் ஏற்கெனவே ஒரு கேடி உண்டு. அது போலீஸ் பதிவேட்டிலிருந்து வந்த ஆங்கிலச் சுருக்கெழுத்து. சந்தேகத்துக்குரியவன் என்று அரசு பெயர் எழுதிவைத்துக்கொண்ட ஆள். 1871இன் குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு நீட்டப்பட்டு, 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு வரை போன வரலாற்றோடு ஒட்டிய சொல் அது. இரண்டு சொல்லும் ஒலியில் ஒன்றானது தற்செயல், வேர் வேறு. ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. ஓர் ஆளின் பெயரை அழித்து அவனை ஒரு வகையாக்குகின்றன. முதல் கேடி யாருடைய நிலத்துக்குள்ளும் நுழையக் கூடாதவன். இரண்டாவது கேடி பையோடு மட்டும் நுழையலாம்.

1997இல் லண்டன் பிரிவி கவுன்சில் ஹாங்காங் கோல்ஃப் கிளப்பின் கேடி ஒருவரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கிளப் அவருக்கு எண் கொடுத்தது, சீருடை கொடுத்தது. கூலியும் கிளப் வழியாகத்தான் வந்தது. ஆனாலும் அவர் கிளப்பின் தொழிலாளி அல்ல என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தார்கள். எண் உண்டு, வேலை உண்டு, தொழிலாளி என்ற தகுதி மட்டும் கிடையாது. பதிவேட்டில் இருப்பவனுக்கும் இவனுக்கும் உள்ள ஒற்றுமை வெறும் ஒலியோடு முடிந்துவிடவில்லை.

3

இந்தியத் தொழில்முறை கோல்ஃபைத் தனித்து நிறுத்துகிற விஷயம், பை தூக்கியவர்களில் சிலர் மட்டை பிடித்ததுதான். 1991இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்ற அலி ஷேர் கேடியாக இருந்தவர். 1993இல் மறுபடியும் வென்றார். 2009இல் அதே பட்டத்தை வென்ற பெங்களூர் முனியப்பாவும் கேடியாகத் தொடங்கியவர். 2016, 2017 இரண்டு ஆண்டும் வென்ற எஸ்.எஸ்.பி. சௌராசியா, கல்கத்தா ராயல் கோல்ஃப் கிளப்பில் புல் பராமரித்த தொழிலாளியின் மகன். 1829இல் தொடங்கிய கிளப் அது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழையது.

இந்த வரலாற்றைப் பத்திரிகைகள் எப்படி எழுதுகின்றன? கதையின் அமைப்பு மாறுவதே இல்லை: ஏழைப் பையன், கடன் வாங்கிய மட்டை, பெரிய மனசு கொண்ட ஒரு கிளப் உறுப்பினர், கடைசியில் காசோலை. உறுப்பினரின் கருணை ஒரு வரியாவது வந்துவிடும். நானூறு பேர் பை தூக்கிய இடத்திலிருந்து ஒருவர் எப்படி வந்தார் என்று எழுதுவார்கள். மிச்சப் பேர் என்ன ஆனார்கள் என்ற கேள்வி அந்தக் கதையின் இலக்கணத்திலேயே இல்லை. பல கிளப்புகளில் கேடிகளுக்கு ஆட அனுமதி திங்கட்கிழமை மட்டும்தான். கனவான்கள் வராத நாள். வாரம் ஏழு நாளும் ஆடியவனின் மகனோடு வாரத்தில் ஒரு நாள் ஆடியவன் மோதி ஜெயிக்கிறான். இதைத் திறமையின் வெற்றி என்கிறார்கள். எனக்கு இது ஆறு நாள் திருட்டின் சாட்சியமாகத்தான் படுகிறது.

பருவத்தின் பொருளாதாரத்தையும் பார்த்துவிடுவோம். 2006இல் உருவான பி.ஜி.டி.ஐ. என்ற வீரர்களின் அமைப்பு ஊர் ஊராகப் போட்டி நடத்துகிறது. ஒரு கோடி ரூபாய்ப் பரிசுத்தொகைப் போட்டியென்றால் முதல்வனுக்குப் பதினைந்து லட்சம். நாலு நாள் ஆட்டம். இரண்டாம் நாள் முடிவில் கோடு கிழிப்பார்கள். சுமார் ஐம்பது பேர் உள்ளே, மற்றவர்கள் வெளியே. வெளியே போனவனுக்குக் காலணா கிடையாது. ரயில் செலவு, தங்கும் செலவு, சாப்பாடு, கூட வந்த கேடியின் கூலி எல்லாம் அவன் தலையில். கோட்டுக்குள் கடைசியாக நிற்பவனுக்கு மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. இது சம்பளமில்லாத உழைப்புச் சந்தை. ஆடுகிறவனும் தினக்கூலிதான், கூலி கிடைக்குமா என்பது மட்டும் இரண்டாம் நாள் சாயங்காலம்தான் தெரியும்.

2025இல் ஐ.ஜி.பி.எல். என்ற போட்டிச் சுற்று கிளம்பி, வீரர்கள் இரண்டு தரப்பாகப் பிரிந்தார்கள். அதே அக்டோபரில் டெல்லி கோல்ஃப் கிளப்பில் ஐரோப்பியச் சுற்றின் போட்டி நடந்தது. பரிசு நாற்பது லட்சம் டாலர். இங்கிலாந்தின் டாமி ஃப்ளீட்வுட் வென்றார். அவர் பங்கு ஆறு லட்சத்து எண்பதாயிரம் டாலர். ஒரே நாட்டு மண், ஒரே ஆட்டம். ஆனால் ஒருவரின் நாலு நாள் வருமானம் ஆறு உள்ளூர்ப் போட்டிகளின் மொத்தப் பரிசுத்தொகைக்குச் சமமாகத் தேறும்.

அந்த டெல்லி கிளப்பில்தான் 2017இல் மேகாலயாவைச் சேர்ந்த ஒரு பெண்ணை, அவர் அணிந்திருந்த காசி மரபுடையைப் பார்த்து, வேலைக்காரி போலிருக்கிறாள் என்று வெளியே போகச் சொன்னார்கள். பூனா ஜிம்கானாவில் வெள்ளையர்களுக்குப் பந்து வீசிப் பழக்கிய பல்வங்கர் பாலுவுக்குக் கட்டடத்துக்கு வெளியே வைத்து டீ கொடுத்த வழக்கத்துக்கு நூறு வருஷம் கழித்து இது நடக்கிறது. வெள்ளைக்காரன் போனான், வாசல் போகவில்லை.

4

இந்த ஆட்டத்தில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது 'ஹாண்டிகாப்' என்கிற விதி. கிளப் உறுப்பினர்கள் தமக்குள் ஆடும்போது, திறமை குறைந்தவருக்குச் சில அடிகள் சலுகை உண்டு. பழைய ஆட்டங்களின் கணக்கையும் மைதானத்தின் கடினத்தையும் வைத்து அதைக் கறாராகக் கணக்கிடுகிறார்கள். இருபது அடி சலுகை பெற்றவர், சலுகையே இல்லாதவரை வென்று கோப்பையை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். யாரும் முகம் சுளிப்பதில்லை. சமமற்றவர்களைச் சமமாக நிறுத்தினால்தான் ஆட்டமே நியாயம் என்று எல்லாருக்கும் அங்கே புரிகிறது.

மண்டல் அறிக்கையின் அமலாக்கம் அறிவிக்கப்பட்ட 1990இலிருந்து 'தகுதி, திறமை' என்று கூச்சல் போட்டவர்கள் எந்த வர்க்கத்துக்காரர்கள் என்று நமக்குத் தெரியும். அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முழுக்க இடஒதுக்கீட்டில் நடக்கிறது! அவர்களுக்கு இந்தத் தத்துவம் புரியாமல் இல்லை. யாருக்குப் பொருந்தும் என்பதில்தான் தகராறு. தொழில்முறைச் சுற்றில் ஹாண்டிகாப் கிடையாது. பை தூக்கி வந்தவன் அங்கேதான் ஆட முடியும். எல்லாம் உள்ளவன் தனக்குச் சலுகை எழுதிக்கொள்கிறான். இல்லாதவனுக்கு மட்டும் தூய திறமை.

5

இடதுசாரி, சூழலியல் நண்பர்கள் இதற்கு வைக்கிற பதில் எளிமையானது: மைதானத்தை மூடு. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1993 ஏப்ரல் 29இல் ஆசியச் செயல்பாட்டாளர்கள் உலகளாவிய கோல்ஃப் எதிர்ப்பு இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிலம், தண்ணீர், பூச்சிமருந்து பற்றி அவர்கள் சொன்னதில் பிழையில்லை. ஊட்டியில் பந்து உருள்வது தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளி. கிண்டியில் குதிரைப் பந்தயத் திடலுக்குள்ளேயே ஜிம்கானாவின் கோல்ஃப் மைதானம் இருந்தது. அந்த 160 ஏக்கர் சொச்சத்துக்கு 1946 குத்தகைப்படி ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். 2024 செப்டம்பரில் தமிழக அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தைக் கையகப்படுத்தியபோது நான் மகிழ்ந்தேன், இப்போதும் மகிழ்ச்சிதான்.

ஆனால் அந்த நாட்களின் விவாதத்தில் கிளப்புகள் பேசின, அரசு பேசியது, வழக்கறிஞர்கள் பேசினார்கள், பறவைகளுக்காகக்கூடப் பேசினார்கள். பை தூக்குகிறவர்கள் பற்றி நான் படித்தவற்றில் ஒரு பத்திகூட இல்லை. அவர்கள் கிளப்பின் கணக்கிலும் இல்லை, நம் துண்டறிக்கையிலும் இல்லை. 'மக்கள் நிலம்' என்று நாம் சொல்லும்போது அந்த நிலத்தில் தினமும் பல மைல் நடந்தவன் மக்களில் சேர்த்தியா இல்லையா?

மாற்று ஆட்டம் ஒன்றைக் காட்டிவிட்டு ஒதுங்குவதும் சுலபம். புதுச்சேரியில் பெத்தாங் ஆடுகிறார்கள். வெறும் மண்தரை போதும், இரும்புக் குண்டை அவனவனே தூக்கிக்கொள்கிறான். சந்தோஷம். ஆனால் அந்தக் குண்டைச் சுற்றியும் பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் வாங்கும் சொல்தாக்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்குமான வித்தியாசம் உருண்டுகொண்டுதான் இருக்கிறது. வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம் என்று பிரித்த ஊரில், ஆட்டம் மட்டும் களங்கமில்லாமல் இருக்கும் என்று நம்ப நான் தயாரில்லை.

எனவே ஒரு கோல்ஃப் பருவத்தை வாசிப்பதென்றால் பட்டியலின் முதல் பெயரில் தொடங்கக் கூடாது. கோட்டுக்கு வெளியே போன பெயர்கள், அதற்குப் பின்னால் பெயரே அச்சாகாத கேடிகள், அதற்கும் பின்னால் நிலத்தின் குத்தகைப் பத்திரம் என்று தலைகீழாகப் போக வேண்டும். திடலை எடுத்துக்கொள்கிற அரசிடம் நாம் கேட்க வேண்டியது பூங்கா மட்டுமல்ல. அங்கே உழைத்தவர்களைத் தொழிலாளிகள் என்று எழுத்தில் ஒப்புக்கொள்வதும், அவர்களுக்கு ஈடு தருவதும். கிளப்புகளிடம் கேட்க வேண்டியது கருணையல்ல. மிச்ச ஆறு நாட்கள்.