பாயும் அட்டையும்

ஸ்ரீரங்கத்தில், ராஜகோபுரம் மறைவின்றித் தெரியும்படி முற்றம் அமைந்த ஒரு தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பில், ஆடி மாதத்து நாள் ஒன்றை முழுவதுமாக ஒரு மூலையில் அமர்ந்து கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. காலை உணவாகிய உப்புமாவை உண்டு கை கழுவிய ஈரம் உலருமுன்னே பாயில் வந்து உட்கார்ந்த குழந்தைகள், ஒரு பாட்டுக்கு எழுந்து ஆடி, ஒரு கதைக்கு வாய் பிளந்து, புளியங்கொட்டைகளைக் கூட்டியும் பிரித்தும், எழுத்தட்டைகளைப் படங்களோடு இணைத்தும், தங்கள் உயரத்துக்குத் தாழ்த்திப் பூசிய கரும்பலகையில் தத்தம் பங்குக்குக் கிறுக்கியும், மாலை மணி அடிக்கும்வரை ஓயாமல் இயங்கிக்கொண்டிருந்ததைக் கண்டபோது, பிரம்புக்கும் வாய்ப்பாட்டுக்கும் அஞ்சி வளர்ந்த எனக்கு முதலில் எழுந்த உணர்ச்சி பொறாமையே. ஆனால் பொறாமையை வைத்துக்கொண்டு ஒரு கல்வி முறையை எடைபோட முடியாது.

இம்முறைக்குப் பூர்வ சரித்திரம் உண்டு. ஆந்திரத்து ரிஷி வேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டைவழிக் கல்வியை, சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003-இல் மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் புகுத்தினார். 2007-ஆம் ஆண்டளவில் அது செயல்வழிக் கற்றல் என்னும் பெயருடன் தமிழகம் முழுவதும் பரவித் திருச்சி மாவட்டத்துப் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தது. பாடநூலைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஓர் அட்டையாக்கி, அட்டைகளை ஏணிப்படிகள்போல் வரிசைப்படுத்தி, அவரவர் ஏறியிருக்கும் படியிலிருந்து அவரவர் மேலேறலாம் என்று விட்டதே அதன் சாரம். பின்னர் கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்து, எழுத்தே அறியாத பிள்ளைகள் மூன்றாம் வகுப்பை எட்டிவிட்ட நிலைமையில், 2022 ஜூன் மாதம் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கிற்று. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலைகளுக்குப் பெயரிட்ட அது, 2025-க்குள் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அனைவரும் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும் என்பதை இலட்சியமாகக் கொண்டது.

இவற்றின் தலையாய குணம், குழந்தையின் வேகத்துக்கு மரியாதை அளித்ததே என்பது என் அபிப்பிராயம். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தகப்பனாரோடு சொந்த ஊர்த் திருவிழாவுக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பும் பிள்ளை, பழைய வகுப்பில் கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்டு, அங்கிருந்து மெல்லப் பள்ளிக்கு வெளியேயும் தள்ளப்பட்டுவிடுவான். ஏணிமுறையிலோ விட்ட படியிலேயே அவன் காலை வைக்கலாம். மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றிய காலந்தொட்டுப் பெரும்பாலும் கட்டணம் செலுத்த வல்லோரின் மக்களுக்கே வாய்த்திருந்த இச்சுதந்திரம், காசில்லாப் பள்ளிக்கு வந்தது சாமான்யமான காரியமன்று. ஆசிரியை நாற்காலியை விட்டுப் பாய்க்கு இறங்கியதும் அப்படியே. நிமிர்ந்து பார்த்து நடுங்க வேண்டிய முகம், நேரே பார்த்துப் பேசக்கூடிய முகமாயிற்று.

தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதைச் சிலர் நவீன உபாயமாகக் கொண்டாடுகிறார்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை அதைக் கேட்டால் சிரிப்பான். எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார், மணலில் விரலால் எழுதும் நம் நாட்டு வழக்கத்தைக் கண்டு கைக்கொண்டு, பிள்ளையைக் கொண்டே பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையை 1797-இல் நூலாக எழுதி வெளியிட, சென்னை முறை என்ற பெயருடன் அது இங்கிலாந்தில் பரவிற்று. சட்டாம்பிள்ளையின் கையிலிருந்த பிரம்பு மட்டும் இப்போது இல்லை; அது நல்லதே.

இனிக் குறைகளுக்கு வருவோம். பாடநூலின் ஆதிக்கத்தை ஒழிக்க வந்த அட்டை, காலக்கிரமத்தில் தானே எஜமானாயிற்று. மொழி கண்ணுக்கு வருமுன் காதுக்கு வரவேண்டிய பொருளாயிருக்க, ஒவ்வொரு குழந்தையும் தன் அட்டையோடு மௌனமாய் மல்லாடிய அக்காலத்து வகுப்பில் ஆசிரியரின் குரல் குன்றிவிட்டது. பாட்டையும் கதையையும் பொம்மலாட்டத்தையும் மீண்டும் நடுவில் வைத்ததன்மூலம் இன்றைய திட்டம் அக்குறையைப் பெருமளவு போக்கியிருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எழுத்து வரிசை மற்றொரு சிக்கல். அகரவரிசையைப் பின்தள்ளி, கோடிழுக்க எளிதான ட, ப, ம போன்ற வடிவங்களை முன்வைத்தது, கையின் இயல்பை நோக்கினால் சரியே, ஆயினும் விஜயதசமியன்று பேரனின் விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதவைத்த உத்திர வீதிப் பாட்டி, “ரெண்டு மாசமாச்சு, இன்னும் அனா ஆவன்னா வரலையா?” என்று கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. வரிசையை மாற்றியதில் தவறில்லை. ஏன் மாற்றினோம் என்று வீட்டாரை அழைத்துச் சொல்லாததே தவறு. சொல்லாமல் விட்டதன் பலன், அந்தப் பாட்டியின் அடுத்த பேரன் டையும் ஷூவும் அணிந்து ஆங்கிலப் பள்ளிக்கு வேனில் ஏறுவதுதான்.

எல்லாவற்றிலும் எனக்குப் பெரிதாய்த் தோன்றுவது பதிவுத் தொல்லை. எந்தக் குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் செல்போன் செயலியில் ஏற்றவேண்டியிருக்கிறது. சிக்னல் கிடைக்காதபோது, முப்பது குழந்தைகளின்மேல் இருக்கவேண்டிய கண் அந்தச் சிறு திரைமேல் நிற்கிறது. அளவெடுப்பது வேண்டாத காரியமன்று. அளவெடுக்காததனாலன்றோ முன்னர் பலர் எழுத்தறியாமலே ஐந்தாம் வகுப்பைத் தாண்டினார்கள்? ஆனால் அளவுகோல் கற்பிக்கும் நேரத்தைத் தின்னத் தொடங்கினால், பிறகு அளப்பதற்கு என்ன மிஞ்சும்?

அன்று பிற்பகல் ஒன்று முதல் ஒன்பது வரையிலான எண்களுக்குரிய செயல்பாடு முடிந்து, ஆசிரியை பதிவுக்காகச் செல்போனை எடுத்த சமயத்தில், முற்றத்தில் நின்ற ஒரு சிறுமி விரலை நீட்டி ராஜகோபுரத்தின் நிலைகளைக் கீழிருந்து எண்ணத் தொடங்கினாள். 1987-இல் முற்றுப்பெற்ற அந்த 236 அடிக் கோபுரத்துக்கு நிலைகள் பதின்மூன்று. இரண்டு முறை தடுமாறி, மூன்றாம் முறை பக்கத்துப் பையன் எடுத்துக்கொடுக்கப் பதின்மூன்றையும் எண்ணி முடித்தவள், உள்ளே ஓடிவந்து, “மிஸ், அதுக்கு மேல என்ன?” என்றாள். ஆசிரியையின் முகம் மலர்ந்தது. கையிலிருந்த திரை இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. “நாளைக்குச் சொல்றேன் கண்ணு,” என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, ஒன்பது வரை எண்ணுவாள் என்பதற்குரிய கட்டத்தைத் தொட்டார்.