காணாத தரைக்குக் கோடு போடுகிறவர்கள்

பென்சில்வேனியாவின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கிரீன் கவுண்டியின் நிலக்கரி அடுக்கு வரைபடத்தை விரித்தால் முதல் பார்வைக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஊரும் காடும் கண்ணில் படாது. மெல்லிய கோடுகள் வளைந்து வளைந்து போகும், ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண் இருக்கும். மலைப்பகுதி வரைபடங்களில் நாம் பார்த்துப் பழகிய அதே சமஉயரக் கோடுகள்தான். ஆனால் இவை காட்டும் மேடுபள்ளம் பல நூறு அடி மண்ணுக்கும் பாறைக்கும் கீழே கிடக்கிறது. அந்தப் பரப்பை ஒரே பார்வையில் கண்டவர் எவரும் இல்லை. அங்கங்கே துளையிட்டுத் தொட்ட சில புள்ளிகளை வைத்துக்கொண்டு மிச்சத்தை ஊகிக்க வேண்டும். இந்தக் கைவினையின் ருசி முழுவதும் அந்த ஊகத்தில் இருக்கிறது.

பிட்ஸ்பர்க் அடுக்கு என்று பெயர் பெற்ற இந்த நிலக்கரிக்கு வயது சுமார் 30 கோடி ஆண்டு. பென்சில்வேனியா, மேற்கு வர்ஜீனியா, ஒஹாயோ, மேரிலாந்து என நான்கு மாநிலங்களில் பரவிக் கிடக்கிறது. பல இடங்களில் ஆறடி கனம். இவ்வளவு அகலத்துக்கு இவ்வளவு சீராகக் கிடைக்கும் நிலக்கரி அபூர்வம். பிட்ஸ்பர்க் நகரில் மொனொங்ககேலா ஆற்றங்கரையின் செங்குத்துச் சரிவில், ஆற்றுமட்டத்துக்கு வெகு உயரத்தில் இந்த அடுக்கின் விளிம்பு வெளியே தெரிந்தது. 1760களிலேயே அங்கே நிலக்கரி வெட்டினார்கள். இன்று மவுண்ட் வாஷிங்டன் எனப்படும் அந்தக் குன்றுக்கு அன்று ‘கோல் ஹில்’ என்றே பெயர். அதே அடுக்கு தென்மேற்கே கிரீன் கவுண்டிக்குப் போவதற்குள் பூமிக்குள் இறங்கிவிடுகிறது.

இறக்கமும் ஒரே சீராக இல்லை. பாயை இரண்டு ஓரத்திலிருந்தும் நெருக்கினால் எழும் மடிப்புகளைப் போல, மேல்வளைவும் கீழ்வளைவும் மாறி மாறி, வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடுகின்றன. வேனஸ்பர்க் கீழ்வளைவு, நினெவே கீழ்வளைவு என்று அவற்றுக்குப் பெயர்களும் உண்டு. எஃகு ஆலைகளுக்குக் கோக் கொடுத்துப் பேர்போன கானல்ஸ்வில் நிலக்கரி இந்த அடுக்கைச் சேர்ந்ததுதான். அது அப்படியொரு பள்ளத்தில் அடங்கிக் கிடந்ததால்தான் அரிப்புக்குத் தப்பியது.

கண்ணில் படாத பரப்புக்குச் சமஉயரக் கோடு போடலாம் என்ற துணிச்சல் கணினிக்கு முந்தியது. அமெரிக்க நிலவியலாளர் பெஞ்சமின் ஸ்மித் லைமன் 1860களில் நிலத்தடிக் கோடுகளை வரைந்து பழகினார். 1870இல் பஞ்சாபின் எண்ணெய் நிலங்களை ஆராய இந்தியாவுக்கு வந்தார். பிறகு ஜப்பானுக்குப் போய் ஹொக்கைடோவின் நிலக்கரியை அளந்தார். பென்சில்வேனியாவின் அரசு நில அளவையில் சார்ல்ஸ் ஆஷ்பர்னர் 1880களில் இந்த முறையை ஆந்த்ரசைட் நிலக்கரிச் சுரங்கங்களுக்குக் கொண்டுவந்தார். அங்கே அடுக்குகள் மடங்கிச் சுருண்டு கிடப்பவை. அவற்றுக்குக் கையால் கோடு போட்டார்கள் என்றால் அந்தக் கைக்குப் பாறையின் போக்கு தெரிந்திருந்தது என்று பொருள்.

இன்று ஜி.ஐ.எஸ். என்ற புவியியல் தகவல் மென்பொருளில் இந்த வேலை ஒரு கழித்தல் கணக்கில் தொடங்குகிறது. துளையிட்ட இடத்தின் தரை கடல்மட்டத்திலிருந்து 1,180 அடி உயரம், அடுக்கின் அடிப்பக்கம் 655 அடி ஆழம் என்று வைத்துக்கொண்டால், அடுக்கு இருக்கும் மட்டம் 525 அடி. பள்ளிப் பிள்ளை போடும் கணக்குதான். ஆனால் அந்த இரண்டு எண்களும் எங்கிருந்து வந்தன என்று கேட்கத் தெரிந்தவர்தான் கைதேர்ந்தவர்.

எரிவாயுக் கிணற்றின் பதிவை எடுத்துக்கொள்ளலாம். அதில் ஆழத்தை வழக்கமாகத் துளைக்கருவி மேடையிலிருந்து அளப்பார்கள். மேடையோ தரைக்குப் பத்தடி, அதற்கும் மேலேகூட இருக்கும். இது தெரியாமல் தரை உயரத்திலிருந்து கழித்தால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் அடுக்கு பத்தடி தாழ்ந்துபோகும். வரைபடத்தில் அது காசு அளவுக்கு வட்டமான ஒரு குழியாகத் தெரியும். இன்னோர் இடத்தில் ஒரு புள்ளி மட்டும் நூறடி எழும்பி நிற்கும். பிட்ஸ்பர்க் அடுக்குக்குச் சுமார் நூறடி மேலே சூயிக்லி என்ற இன்னோர் அடுக்கு இருக்கிறது. துளைப்பதிவில் எவரோ அதைப் பிட்ஸ்பர்க் என்று எழுதிவிட்டார். பழக்கமுள்ளவர் திரையில் அந்தக் கொப்புளத்தைப் பார்த்ததுமே சூயிக்லியைச் சந்தேகிப்பார். உயர அளவையின் அடிப்படையும் கவனத்தில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1929ஆம் ஆண்டு முறைப்படியும் 1988ஆம் ஆண்டு முறைப்படியும் குறித்த உயரங்கள் ஒன்றாக இருப்பதில்லை. சில சுரங்கங்கள் தங்களுக்கென்றே ஒரு பூஜ்யத்தை வைத்துக்கொண்டிருந்தன.

துளைகளைவிடச் செழிப்பான ஊற்று பழைய சுரங்க வரைபடங்கள். சுரங்கக் கூரையில் ஆணி அடித்து, நிலையத்துக்கு நிலையம் மட்டம் எடுத்து, கஞ்சியேற்றிய லினன் துணியில் மையால் எழுதி வைத்தவை அவை. பிட்ஸ்பர்க் பகுதியில் இயங்கும் தேசியச் சுரங்க வரைபடக் களஞ்சியம் இப்படிப்பட்டவற்றை வருடிச் சேர்த்து வைக்கிறது. துணி சுருங்கியிருக்கும், மடிப்பில் எண் அழிந்திருக்கும். இன்றும் நிற்கும் சுரங்கவாயில், ரயில் பாதை வளைவு, எல்லைக்கல் என நாலைந்து அடையாளங்களைப் பிடித்து, படத்தை இழுத்து நீவி இன்றைய ஆயத்தில் உட்கார வைப்பார்கள்.

புள்ளிகள் சேர்ந்த பிறகு நடுவெளியை நிரப்ப வேண்டும். மென்பொருளில் இதற்கு வழிகள் பல. கிட்டத்துப் புள்ளிக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சராசரி எடுப்பது எளியது. அதற்கு ஒரு குறை உண்டு. கையில் இருக்கும் புள்ளிகளில் மிகத் தாழ்ந்ததைவிடத் தாழ்ந்த மட்டத்தை அது ஒருபோதும் தராது. கீழ்வளைவின் அடியில் யாரும் துளை போடாவிட்டால் அந்தப் பள்ளமே படத்தில் இருக்காது. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களுக்காக டேனி கிரிக் 1951இல் முன்வைத்த சிந்தனையை வளர்த்து பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் மாத்ரோன் வகுத்த ‘கிரிகிங்’ இன்னும் நுட்பமானது. தூரம் கூடக்கூட உயரங்கள் எப்படி வேறுபடுகின்றன என்பதைத் தரவிலிருந்தே கற்றுக்கொண்டு, ஒவ்வோர் இடத்திலும் தன் ஊகத்தை எவ்வளவு நம்பலாம் என்ற கணக்கையும் கூடவே தரும்.

இங்கேதான் நிலவியலாளரின் கை தெரியும். மடிப்புகள் வடகிழக்கு–தென்மேற்காக ஓடுகின்றன என்பது அவருக்குத் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது. அதனால் அண்டைப் புள்ளிகளைத் தேடும் வட்டத்தை அதே திசையில் நீண்ட நீள்வட்டமாக மாற்றுவார். மடிப்பு வாக்கில் இரண்டு மைல் தள்ளியிருக்கும் புள்ளி, குறுக்கே அரை மைலில் இருக்கும் புள்ளியைவிட நெருங்கிய உறவாகிவிடும். அதுவரை திட்டுத்திட்டாகக் கிடந்த வட்டங்கள் நெளிந்து நீண்டு ஒரே போக்கில் ஓடத் தொடங்கும். ரசிகர் நிமிர்ந்து உட்காரும் இடம் இது.

அடுத்தது பரப்பிலிருந்து பரப்பைக் கழிப்பது. பென்சில்வேனியா 2006 முதல் 2008 வரை விமானத்திலிருந்து லேசர் வீசி மாநிலம் முழுவதன் தரையையும் அளந்தது. பாமேப் என்ற அந்தத் திட்டத்தின் தரவில் சுமார் மூன்றடிக்கு ஒரு தரை உயரம் கிடைக்கிறது. அதிலிருந்து அடுக்கின் பரப்பைக் கழித்தால் தலைக்கு மேலே எத்தனை அடி பாறை இருக்கிறது என்பது இடத்துக்கு இடம் வந்துவிடும். விடை பூஜ்யமாகும் இடங்களைச் சேர்த்தால் மலைச்சரிவைச் சுற்றி ஒரு கோடு ஓடும். அடுக்கு வெளியே தலைகாட்ட வேண்டிய விளிம்பு அது. பழைய சுரங்கவாயில்கள் அந்தக் கோட்டின் மேலேயே வரிசையாக விழுந்தால் வரைந்தவர் தோளைத் தட்டிக்கொள்ளலாம். விலகி விழுந்தால் கழித்தல் கணக்கிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

இந்த அடிக்கணக்குக்கு உயிரின் விலையும் உண்டு. 2002 ஜூலை 24 அன்று, இதே மாநிலத்தின் சாமர்செட் கவுண்டியில், அப்பர் கிட்டானிங் என்ற வேறோர் அடுக்கை வெட்டிய கியூகிரீக் சுரங்கத்தில், பக்கத்திலிருந்த கைவிடப்பட்ட சாக்ஸ்மன் சுரங்கத்தின் சுவர் உடைந்தது. அந்தச் சுரங்கம் இன்னும் சுமார் 300 அடி தள்ளி இருப்பதாகவே கையிலிருந்த வரைபடம் சொன்னது. கோடிக்கணக்கான காலன் தண்ணீர் உள்ளே புகுந்து ஒன்பது பேரைச் சிறைவைத்தது. தண்ணீர் ஏற ஏற அவர்கள் மேட்டுப்பக்கம்தான் ஒதுங்குவார்கள் என்று கணித்து, சுரங்கப் படத்தின் ஆயத்தை ஜி.பி.எஸ். கருவியால் மேலே தரையில் குறித்து, சுமார் 240 அடி ஆழத்துக்கு ஆறங்குலத் துளை இட்டார்கள். காற்று உள்ளே போனது. 28ஆம் தேதி அதிகாலையில் ஒன்பது பேரும் உயிரோடு மேலே வந்தார்கள். சாக்ஸ்மனின் கடைசிக் காலத்து வேலைகளைக் காட்டும் வரைபடம் பிறகு விண்ட்பர் ஊரின் நிலக்கரி அருங்காட்சியகத்தில் கிடைத்தது.

அதனால்தான் இந்த வரைபடங்களை ரசித்துப் பழகியவர் கோடுகளின் அழகுக்குப் போகும் முன் படத்தின் மூலையைப் பார்க்கிறார்: எந்த ஆண்டு வரையிலான சுரங்க வேலை இதில் சேர்ந்திருக்கிறது, உயரம் எந்த முறையில் குறித்தது, துளைப் புள்ளிகளைக் காட்டியிருக்கிறார்களா மறைத்திருக்கிறார்களா. பிறகு முறிகோடுகளைத் தேடுகிறார். புள்ளி அடர்ந்த இடத்தில் முழுக்கோடும், அருகிய இடத்தில் முறிகோடும் போட்டிருந்தால் அந்தப் படத்தோடு ஒரு மணி நேரம் உட்காரலாம். ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே கனத்தில் வழவழவென்று ஓடும் படத்தை அவர் சுருட்டி வைத்துவிட்டு மூலத் தரவு அட்டவணையைக் கேட்பார்.